லைட் பத்துது, நெட் வரேல்லை: வன்னியில் நெட்வேர்க் சுவிட்ச் பூட்டுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணை, சுவிட்ச் பூட்டியாச்சு, லைட் எல்லாம் பத்துது, ஆனா நெட் வரேல்லை." எனக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அழைக்கிற தம்பி அந்த நேரம் மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு கந்தோரின் பின் அறையில் நிற்பார். மடிக்கணினியின் பற்றரி இறங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இரண்டு பேர் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள், அவரும் பதற்றத்தில் கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றி, விலானை (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வேர்க்காகப் பிரிக்கிற எண்) மாற்றி, ரீசெட்டும் அடித்திருப்பார். இப்போது எது பிழை என்று அவருக்கும் தெரியாது, தொலைபேசியில் கேட்கிற எனக்கும் தெரியாது.

சுவிட்ச் என்பது பல கணினிகளை ஒரே நெட்வேர்க்கில் சேர்க்கிற பெட்டி. இதில் சொல்லப்போவது 24 போர்ட் (கேபிள் குத்துகிற துளை) உள்ள, பிஓஇ (நெட்வேர்க் கேபிளாலேயே சாதனத்துக்குக் கரண்ட்) தருகிற, கொன்பிக் (உள் அமைப்பு) பண்ணக்கூடிய சுவிட்ச் ஒன்றைப் பூட்டுவது பற்றி. மேலே போகிற இணைப்பு, அதாவது மேலிணைப்பு, பைபர் (ஒளி போகிற கண்ணாடி இழை). படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். கரண்ட், கேபிள், பைபர், விலான், ஐபி (நெட்வேர்க்கில் ஒரு சாதனத்தின் முகவரி) என்று கீழிருந்து மேலே போகவேண்டும். கீழே உள்ளது சரி என்று தெரியாமல் மேலே உள்ளதைச் சோதித்தால் கிடைக்கிற விடை எதையும் நம்ப முடியாது. அதோடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பலனைப் பாருங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

1. புறப்படும் முன் பையைச் சரிபாருங்கள்

கொழும்பில் ஒரு கொனெக்டர் குறைந்தால் கீழே இறங்கி வாங்கலாம். ஏ35 வீதியில் பரந்தனில் இருந்து உள்ளே போய்விட்ட பிறகு ஒரு எஸ்எவ்பி மொடியூல் (பைபரைச் சுவிட்சில் குத்த இடையில் போடுகிற சிறு துண்டு) பழுதென்று தெரிந்தால் அன்றைய நாள் போச்சு. எனவே சாமான் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கட்டாயம் வேண்டியவை: கொன்சோல் கேபிள் (மடிக்கணினியால் சுவிட்சோடு நேரே கதைக்கிற கேபிள்), கேபிள் டெஸ்டர், கிரிம்பிங் குறடு, கொனெக்டர் ஒரு பை, மல்டிமீற்றர், ராக்குக்கான, அதாவது சுவிட்சை ஏற்றுகிற இரும்புச் சட்டத்துக்கான நட்டும் ஸ்குரூவும் (எம்6 அளவு, சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்), பைபர் துடைக்கும் பேனா, டோர்ச், மென்மையான தூரிகை, லேபல். இவற்றோடு, நன்றாக வேலை செய்கிறது என்று உங்கள் கையால் சோதித்த இரண்டு பட்ச் கேபிளும் (இரு முனையிலும் கொனெக்டர் உள்ள குட்டைக் கேபிள்) ஒரு சோடி எஸ்எவ்பி மொடியூலும். இந்தச் சோடியை வேறு எந்த வேலைக்கும் பாவிக்காமல் தனியே வைத்திருங்கள். சந்தேகம் வந்த இடத்தில் இதைப் போட்டுப் பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்று உடனே பிரிந்துவிடும்.

கொன்சோல் கேபிளின் டிரைவரை வீட்டிலேயே நிறுவி, ஒரு தடவை இயக்கியும் பாருங்கள். இதில் தடுக்கி விழுந்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். நெட் இல்லாத இடத்துக்கு நெட் கொடுக்கப் போகிறீர்கள், அங்கே நின்று டிரைவர் தேட முடியாது, கையில் இருக்கிற போனுக்கும் சில உள்ளூர்களில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும்.

அப்புறம் ஒரு தாள். அதில் மேலிணைப்பு வருகிற போர்ட் எண், விலான் எண்கள், சுவிட்சின் ஐபி, மாஸ்க் (அந்த நெட்வேர்க்கின் எல்லையைச் சொல்கிற எண்), கேற்வே (வெளியே போகிற வாசலின் முகவரி), மறுமுனையில் யாருடன் கதைக்கவேண்டும் என்பது. இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் புறப்படும் முன் கேட்டு எழுதுங்கள். அங்கே போய் ஊகித்துப் போட்ட விலான் எண்ணால் ஒரு முழுநாளை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

2. ராக்கில் ஏற்ற முன் மேசையில் எழுப்பிப் பாருங்கள்

பெட்டியைத் திறந்த உடனே ராக்கில் ஏற்றிவிடுகிறார்கள். எட்டு ஸ்குரூ இறுக்கி, 20 கேபிள் குத்தி, பிறகு சுவிட்ச் எழும்பவில்லை என்றால் எல்லாவற்றையும் திருப்பிக் கழற்றவேண்டும். முதலில் மேசையில் வையுங்கள், எந்தக் கேபிளும் இல்லாமல் கரண்ட் மட்டும் கொடுங்கள்.

விசிறி சுற்றும், லைட்டுகள் ஒருமுறை பத்தி அணையும், பிறகு சிஸ்டம் லைட் கொஞ்ச நேரம் சிமிட்டும். சுவிட்ச் தன்னைத்தானே சோதிக்கிற நேரம் அது. சில மொடல்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேலும் எடுக்கும். பொறுமையில்லாமல் இடையில் கரண்டை நிறுத்திப் போட்டால் அது முதலில் இருந்து தொடங்கும், நீங்கள் "ஹாங் ஆகிட்டுது" என்று முடிவு கட்டுவீர்கள். நிலையான பச்சை வந்தால் சரி. சிவப்போ செம்மஞ்சளோ நிலையாக நின்றால் சுவிட்சிலேயே பழுது இருக்கலாம், அதை ராக்கில் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

கொன்சோலில் வேகம் 9600, டேற்றா பிற் 8, பரிற்றி இல்லை, ஸ்டொப் பிற் 1, புளோ கொன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். திரையில் புரியாத கிறுக்கல் எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை, சில சுவிட்ச்கள் 115200 கேட்கும். எழுத்து ஒழுங்காக வருகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது போகவில்லை என்றால் பெரும்பாலும் புளோ கொன்ட்ரோலை அணைக்க மறந்திருப்பீர்கள்.

வேறு இடத்தில் பாவித்துக் கழற்றிய சுவிட்ச் என்றால் பழைய கொன்பிக் முழுவதையும் அழியுங்கள், விலான் கோப்பையும் சேர்த்து. சிஸ்கோ சுவிட்ச்களில் விடிபி என்று, விலான் பட்டியலைச் சுவிட்சுக்குச் சுவிட்ச் தானாகப் பரப்புகிற ஒன்று இருக்கிறது. அதே விடிபி டொமைன் பெயரோடு, கூடிய ரிவிஷன் எண் (எத்தனை தடவை மாற்றியது என்ற எண்) உள்ள பழைய சுவிட்ச் ஒன்று உள்ளே வந்தால் மற்றச் சுவிட்ச்களில் இருக்கிற விலான்களை அது அழித்துவிடக்கூடும். புதிதாகப் பூட்டியது ஒன்று, விழுந்தது முழு நெட்வேர்க்.

3. கரண்ட், எர்த், சூடு

பிளக் பேஸில் 230 வோல்டுக்குக் கிட்ட வருகிறதா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் பாருங்கள், ஒன்றிரண்டு வோல்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் எர்த் ஒழுங்காக இல்லை, அதை ஒரு மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்த பிறகு சுவிட்சை ஏற்றுங்கள். கரண்டில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த அளவையும் அவரிடமே விடுங்கள்.

எர்த்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆவணி வரைக்கும் காய்ந்து இறுகிப்போன மண்ணில் எர்த் கம்பி மேலோட்டமாக இறங்கியிருந்தால் அது பெயருக்குத்தான். சித்திரை மாதத்துக்கு முன்பின்னும், ஐப்பசியிலும், பின்னேரம் இடி மின்னல் இறங்குகிற காலம். போர்ட்டுகள் கருகிய சுவிட்ச்கள் கைக்கு வருவது அப்போதுதான். பின்னால் இருக்கிற எர்த் ஸ்குரூவுக்கு ஒரு பச்சை-மஞ்சள் வயரைக் கொடுத்து ராக்கின் எர்த்தில் சேருங்கள். இரண்டு கட்டிடங்களுக்கு இடையில் வெளியால் செப்புக் கேபிள் இழுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், பைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்னலின் மின்சாரத்தைக் கடத்தாது.

யூபிஎஸ் விஷயத்தில் ஒரு கணக்கு. பிஓஇ முழுவதும் பாவித்தால் சுவிட்ச் 400 வாட்டுக்கு மேலே இழுக்கும், மேசைக் கணினிக்கு வாங்கிய 650 விஏ யூபிஎஸ் அதைத் தாங்காது. கரண்ட் இருக்கும்வரை எல்லாம் நன்றாக ஓடும், கரண்ட் போன அந்த நொடியே சுவிட்சும் அணையும்.

சூடும் புழுதியும் கடைசி. தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் பூட்டிய அறையில் மத்தியானம் நின்று பாருங்கள், உங்களால் நிற்க முடியாவிட்டால் சுவிட்சுக்கும் அது இடமில்லை. பல சுவிட்ச்களுக்கு 45 பாகை செல்சியஸ்தான் எல்லை. விசிறிப் பக்கம் சுவரோடு ஒட்டாமல் வையுங்கள்.

4. செப்புக் கேபிள்: அதிக நேரம் போகிற இடம்

இங்கே அவசரப்படவேண்டாம். என் அனுபவத்தில் "சுவிட்ச் பிழை" என்று சொல்லிக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலானவை கேபிளில்தான் முடிந்திருக்கின்றன.

முதலில் ஒரு கேபிளும் மடிக்கணினியும் மட்டும். உங்கள் நல்ல பட்ச் கேபிளால் மடிக்கணினியை நேரே போர்ட் 1 இல் குத்துங்கள். லிங்க் (இரு முனையும் ஒன்றையொன்று கண்டுகொண்ட இணைப்பு) வந்தால் சுவிட்ச் சரி. பிறகு அதே போர்ட்டில் சுவருக்குள்ளால் வருகிற கேபிளைக் குத்தி, மறுமுனையில் மடிக்கணினியை வையுங்கள். இப்போது லிங்க் வராவிட்டால் பழுது சுவருக்குள்.

கொனெக்டர் அடிக்கும்போது நிற ஒழுங்கு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். புதியவர்கள் "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும்தானே" என்று சோடி சோடியாக அடுக்கிவிடுவார்கள், செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி என்று. டெஸ்டரில் 1 முதல் 8 வரை ஒழுங்காக லைட் பத்தும். ஆனால் லிங்க் விட்டு விட்டு வரும், அல்லது வராது. காரணம், 3 ஆம் 6 ஆம் பின்கள் ஒரே முறுக்கின் இரண்டு வயர்களாக இருக்கவேண்டும், முறுக்குத்தான் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறாமல் காக்கிறது. சாதாரண டெஸ்டர் வயர் தொடர்ச்சியை மட்டும் பார்க்கும், முறுக்கை அதனால் பார்க்க முடியாது.

இன்னொன்று: லிங்க் வருகிறது, ஆனால் வேகம் 1000 எம்பிபிஎஸ் வரவேண்டிய இடத்தில் 100 என்று காட்டுகிறது. 100 வேகத்துக்கு இரண்டு சோடி போதும், 1000 வேகத்துக்கு நான்கு சோடியும் வேண்டும். அதாவது நீலத்திலோ கபிலத்திலோ ஒரு வயர் சரியாகக் கடிபடவில்லை. கொனெக்டரை முகத்துக்குக் கிட்டப் பிடித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். எட்டுச் செப்பு முனையும் பிளாஸ்டிக்கின் எல்லைவரை போய் முட்டியிருக்க வேண்டும், ஒன்று அரை மில்லிமீற்றர் பின்னுக்கு நின்றாலும் வெட்டித் திரும்ப அடியுங்கள்.

வேகத்தையும் டுப்ளெக்சையும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகிறதா, மாறி மாறிப் போகிறதா என்பது) கையால் நிலையாகப் பூட்டாதீர்கள். ஒரு பக்கம் 100 புல் என்று பூட்டி மறுபக்கம் ஓட்டோவில் விட்டால், ஓட்டோ பக்கம் ஹாப் டுப்ளெக்சுக்கு இறங்கிவிடும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கிற சோதனை) போகும், கோப்பு அனுப்பினால் ஊரும்.

கேபிளின் தரத்தையும் பாருங்கள். விலை குறைந்த கேபிள்களில் சில முழுச் செப்பு இல்லை, அலுமினியத்தின் மேல் செப்புப் பூச்சு. பிளேட்டால் ஒரு வயரை மெல்லச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். வளைத்தால் முறியும், பிஓஇ அனுப்பினால் வழியில் வோல்ட் குறையும். அப்படி ஒரு சுருளைக் கொண்டுவந்து தந்தால், வேலை தொடங்க முன்னரே பொறுப்பானவரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். நீளம் முழுவதும் சேர்த்து 100 மீற்றர்தான், அதற்குள் கூரைக்குள் சுருட்டி வைத்த மிச்சக் கேபிளும் அடங்கும்.

ஒரு கந்தோரில் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஒவ்வொரு நாளும் காலையில் கொஞ்ச நேரம் விழுந்து எழும்பும். கேபிளை மாற்றினார்கள், போர்ட்டை மாற்றினார்கள், நிற்கவில்லை. நான் போன அன்று காலை அறையில் நின்றபோது வெளியே தண்ணீர் மோட்டரின் சத்தம் கேட்டது, அதே நேரம் அந்த லைட் அணைந்தது. கூரைக்குள் ஏறிப் பார்த்தால் கிணற்று மோட்டரின் வயரும் நெட்வேர்க் கேபிளும் ஒரே குழாய்க்குள் 20 மீற்றருக்கு மேலே ஒன்றாகப் போகின்றன. கேபிளை வெளியே எடுத்து, ஒரு முழத்துக்கு மேல் தள்ளிக் கொண்டுபோன பிறகு அது விழவில்லை. பழுது குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கு வந்தால், அந்த நேரத்தில் கட்டிடத்தில் வேறு என்ன ஓடுகிறது என்று காது கொடுங்கள்.

பாவிக்காத போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள். எறும்பு உள்ளே போய் மண் வைக்கும், ரப்பர் மூடி இல்லாவிட்டால் ஒரு துண்டு டேப்பாவது ஒட்டுங்கள். ஏற்கனவே போயிருந்தால் கரண்டை நிறுத்திவிட்டுத் தூரிகையால் எடுங்கள், ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நோண்டினால் பின் வளைந்துவிடும்.

5. பைபர் மேலிணைப்பு

முதல் விதி: பைபர் முனையையோ மொடியூலின் வாயையோ கண்ணால் உற்றுப் பார்க்கவேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் "வெளிச்சம் இல்லை" என்பது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை.

லிங்க் வரவில்லையா? முதலில் இரண்டு இழையையும் ஒரு பக்கத்தில் மாற்றிக் குத்துங்கள். இங்கே அனுப்புவது அங்கே வாங்குகிற துளைக்குப் போகவேண்டும். பாதிப் பிரச்சினை இதோடு முடியும். முடியாவிட்டால் துடையுங்கள். செம்மண் வீதி ஓரத்துக் கட்டிடத்தில் மூடியில்லாமல் ஒரு மணித்தியாலம் கிடந்த கொனெக்டரில் புழுதி படிந்திருக்கும், சிங்கிள் மோட் இழையின் ஒளி போகிற நடுப்பகுதி 9 மைக்ரோமீற்றர் அளவுதான், ஒரு துகள் அதை மறைக்கப் போதும். சேட்டு நுனியால் துடைக்கவேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்.

பிறகு மொடியூல் பொருத்தம். மஞ்சள் உறை பொதுவாகச் சிங்கிள் மோட், செம்மஞ்சளும் நீலப்பச்சையும் மல்டி மோட். 850 என்று எழுதிய மொடியூல் மல்டி மோடுக்கு, 1310 சிங்கிள் மோடுக்கு. ஒற்றை இழையில் ஓடுகிற மொடியூல் என்றால் இரண்டு முனைக்கும் எதிரெதிர் அலைநீளம் வேண்டும், ஒரே மாதிரி இரண்டைப் போட்டால் ஒருநாளும் லிங்க் வராது. சில சுவிட்ச்கள் வேறு நிறுவன மொடியூலைக் கண்டால் போர்ட்டையே பூட்டிவிடும், லொக்கில் (சுவிட்சின் நிகழ்வுப் பதிவில்) அதைச் சொல்லும். 10 ஜி போர்ட்டில் 1 ஜி மொடியூல் போட்டால் வேகத்தைக் கையால் 1 ஜிக்கு இறக்கவேண்டி வரலாம். இந்த ஒரு இடத்தில்தான் கையால் பூட்டச் சொல்லுவேன்.

மொடியூல் ஒளி அளவைக் காட்டும் என்றால் அதைப் பாருங்கள். சாதாரண 10 கிலோமீற்றர் 1 ஜி மொடியூலுக்கு வாங்குகிற அளவு -3 க்கும் -19 டிபிஎம்முக்கும் இடையில் இருக்கவேண்டும். -30, -40 என்று காட்டினால் ஒளி வரவேயில்லை, இழை முறிந்திருக்கலாம், அல்லது மறுமுனையில் யாரும் குத்தவில்லை. தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

6. விலான், ஐபி

இப்போதுதான் கொன்பிக். மடிக்கணினியை அக்செஸ் போர்ட்டில் (ஒரு விலானுக்கு மட்டுமான, கணினி குத்துகிற போர்ட்) குத்தி ஐபி வருகிறதா என்று பாருங்கள். குத்தின உடனே பார்க்காதீர்கள். ஸ்பானிங் ட்ரீ என்கிற, லூப் (கேபிள் சுற்றி வந்து அதே நெட்வேர்க்கில் சேர்வது) வராமல் காக்கிற காவல் பழைய முறையில் 30 வினாடி போர்ட்டைத் தடுத்து வைத்திருக்கும். கணினி குத்துகிற போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. மேலிணைப்பில் அதைப் போடவேண்டாம்.

169.254 என்று தொடங்குகிற ஐபி வந்தால் டிஎச்சிபி (ஐபியைத் தானாகப் பங்கிடுகிற சேவை) கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த விலானுக்குரிய ஐபியைக் கையால் போட்டுக் கேற்வேயைப் பிங் பண்ணுங்கள். பிங் போனால் பாதை சரி, டிஎச்சிபி பக்கம் பாருங்கள். போகாவிட்டால் பிழை விலானில், அல்லது ட்ரங்கில் (பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகிற இணைப்பு). மேலிணைப்புப் போர்ட்டின் மக் அட்டவணையை (அந்தப் போர்ட்டால் எந்தச் சாதனங்கள் தெரிகின்றன என்று சுவிட்ச் வைத்திருக்கிற பட்டியல்) திறந்து, உங்கள் விலானில் ஏதாவது முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மறுமுனை அந்த விலானை அனுப்பவில்லை, நீங்கள் இங்கே எதை மாற்றினாலும் பலனில்லை.

மேலிணைப்பு சில வினாடி பச்சை காட்டிவிட்டுச் செத்துப்போகிறதா? மறுமுனைப் போர்ட்டில் பிபிடியு கார்ட் இருக்கலாம். கணினி வரும் என்று எதிர்பார்த்த போர்ட்டில் சுவிட்ச் ஒன்று பேசினால் அது பூட்டிவிடும். மறுமுனையில் இருப்பவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள், "நெட் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் தன் பக்கம் எல்லாம் சரி என்றுதான் சொல்லுவார்.

7. எல்லாக் கேபிளையும் ஒன்றாகக் குத்தாதீர்கள்

ஒவ்வொன்றாகக் குத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் 40 வினாடி விட்டுப் பிங் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். 20 கேபிளுக்கு கால் மணித்தியாலம்தான். எல்லா லைட்டும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்தால் எங்கோ லூப். கடைசியாகக் குத்தியதைக் கழற்றி மறுமுனையைத் தேடுங்கள். தொங்கிக்கொண்டிருந்த கேபிள் நுனியைக் கண்டு, கூட்டித் துடைக்க வந்த அம்மா ஒருவர் கழன்றுவிட்டதென்று நினைத்துச் சுவர் பொயின்டில் குத்திவிட, முழுக் கந்தோரும் நின்றதைக் கண்டிருக்கிறேன். அவரில் பிழையில்லை, நுனியை லேபல் இல்லாமல் தொங்கவிட்டவரின் பிழை.

இன்னொரு வகை: சிலருக்கு மட்டும் 192.168.1 என்று சம்பந்தமில்லாத ஐபி வரும். யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டர் ஒன்றை லான் பக்கத்தால் குத்தியிருக்கிறார், அதுவும் ஐபி பங்கிடுகிறது. அதன் மக் முகவரியைச் சுவிட்சில் தேடினால் எந்தப் போர்ட் என்று காட்டும். இனிமேல் வராமல் இருக்க டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நம்பிக்கையில்லாத போர்ட்டால் ஐபி பங்கிடுவதைத் தடுக்கிற வசதி) போட்டு, மேலிணைப்பை மட்டும் நம்பிக்கைப் போர்ட் ஆக்குங்கள்.

8. பிஓஇ

சுவிட்சில் 370 வாட் என்று எழுதியிருந்தால், 15.4 வாட் வீதம் 24 போர்ட்டுக்கும் அது போதும். 30 வாட் கேட்கிற சாதனங்கள் என்றால் 12 தான். பதின்மூன்றாவது கமரா எழும்பாவிட்டால் கமராவைக் குறை சொல்ல முன் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். சில வயர்லெஸ் அன்டெனாக்கள் 24 வோல்ட் பசிவ் வகை, அவை இந்தச் சுவிட்சில் எழும்பாது, பெட்டியோடு வந்த அடப்டரைத்தான் போடவேண்டும்.

9. சேவ் பண்ணி, கரண்டை நிறுத்திப் போடுங்கள்

கொன்பிக்கைச் சேவ் பண்ணாமல் வீடு போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அன்றிரவு கரண்ட் போய் வந்தால் எல்லாம் அழிந்திருக்கும், அடுத்த நாள் திரும்பவும் அதே 60 கிலோமீற்றர் ஓடவேண்டும். சேவ் பண்ணிய பிறகு கந்தோரில் சொல்லிவிட்டுக் கரண்டை உண்மையாகவே நிறுத்துங்கள், ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். எல்லாம் தானாக எழும்புகிறதா, பிங் வருகிறதா, கமராக்கள் வருகின்றனவா என்று நின்று பாருங்கள்.

கொன்பிக்கின் பிரதி ஒன்றை மடிக்கணினியில் எடுங்கள். ராக்கின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் பிடியுங்கள். எந்தப் போர்ட் எந்த மேசைக்கு என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ராக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், மேலிணைப்பு எது என்பதைச் சிவப்பில். அடுத்த முறை அங்கே பழுது வரும்போது, கந்தோரில் இருக்கிறவர் போனில் அந்தத் தாளைப் பார்த்து "17 ஆம் போர்ட் பத்தேல்லை அண்ணை" என்று சொல்லுவார், நீங்கள் எந்தக் கேபிளோடு வண்டியை எடுக்கவேண்டும் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.